உள்ளங்கையில் அடங்கிய இயந்திரம்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் தமது உம்மாவையும் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு எமது வீட்டுக்கு வந்திருந்தார். உம்மாவுக்குப் புற்றுநோய். கொழும்புக்குச் சென்று பல நாட்கள் கதிர்ச் சிகிச்சை பெற்றுவிட்டுத் திரும்பியிருந்தார். உடல் மெலிந்திருந்தாலும் முகத்தில் தெளிவு இருந்தது.

எல்லோரும் அமர்ந்து தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது, மாணவரின் மூன்று வயதுக் குழந்தை ஓடிவந்து அந்த உம்மாவின் மடியில் ஏறப் பார்த்தது. அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

“கிட்ட வராதீங்க மகன். உம்மும்மாக்கு கரண்ட் வெச்சிருக்கு” என்றார்.

குழந்தை விளங்காமல் விழித்தது. உம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. சிகிச்சை தொடங்கிய நாள் முதல் பேரப்பிள்ளையைத் தூக்கவே இல்லையாம். கதிர் பட்ட உடம்பிலிருந்து மற்றவர்களுக்கும் கதிர் பாயும் என்று அயலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறகு அவர் என்னிடம் திரும்பி, “மௌலவி, அந்த மெஷினுக்குக் கீழே என்னைப் படுக்க வெச்சிட்டு எல்லாரும் வெளியே போய்க் கதவை மூடிட்டாங்க. சூடும் இல்லை, நோவும் இல்லை. அதுக்குள்ள என்னதான் இருக்கு?” என்று கேட்டார்.

நான் அறபுக் கல்லூரியில் படித்தவன். பௌதிகவியல் எனக்குத் தூரத்து உறவு. தெரியாது என்றே சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் ஆசிரியனுக்கு வெட்கமில்லை. தேடாமல் விட்டுவிடுவதுதான் வெட்கம். எனவே எமது பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தந்த நூல்களைப் படித்தேன். விளங்காத இடங்களில் அவரையே துளைத்தெடுத்தேன். அப்படி நான் அறிந்துகொண்டதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அந்த உம்மாவின் கேள்விக்கான விடை, ஒரு நூற்றாண்டுக்கு முன் சில பல்கலைக்கழகங்களின் சின்னஞ்சிறு அறைகளில் தொடங்குகிறது.

அணைக்க முடியாத விளக்கு

அந்த இயந்திரத்துக்கு நேர்கோட்டு ஆர்முடுக்கி என்று பெயர். ஆர்முடுக்குவது என்றால் வேகத்தைக் கூட்டுவது. கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளை மின்சாரத்தின் உதவியால் மிகப் பெரும் வேகத்துக்கு ஓடச் செய்யும் கருவி அது. நோய் தீர்ப்பதற்காக அது முதலில் உருவானதல்ல. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் பிறந்தது.

1919ஆம் ஆண்டு ரதர்போர்ட் என்ற விஞ்ஞானி ஒரு செய்தியை வெளியிட்டார். கதிரியக்கப் பொருளிலிருந்து இயற்கையாக வெளிவரும் அல்பாத் துணிக்கைகள் நைதரசன் வாயுவில் மோதும்போது, அதிலிருந்து ஐதரசனின் கருக்கள் தெறித்து வருவதை அவர் கண்டிருந்தார். அணுவின் கருவை மனிதன் தட்டி உடைத்த முதற் சந்தர்ப்பம் அதுதான்.

ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. ரேடியம் போன்ற பொருட்கள் தாமாகவே கதிரை வீசும். எல்லாத் திசையிலும் சிதறும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இரவு பகல் என்று பாராமல் எரிந்துகொண்டே இருக்கும். அணைக்க முடியாத விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆகவே, இயற்கை தருவதை விட அதிக சக்தியும் எண்ணிக்கையும் உள்ள துணிக்கைகளை ஆய்வுகூடத்திலேயே உண்டாக்க வேண்டும் என்ற தமது நெடுநாள் ஆசையை 1927ஆம் ஆண்டு இலண்டன் றோயல் சங்கத்தின் தலைமையுரையில் அவர் வெளியிட்டார்.

ஆசை நல்லதுதான். வழி என்ன? மின்னேற்றம் கொண்ட துணிக்கையை மின்சாரம் தள்ளும். வோல்ற்றளவு கூடக் கூடத் தள்ளும் பலமும் கூடும். எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அணுக்கருவை உடைப்பதற்கோ இலட்சக்கணக்கான வோல்ற்று தேவை என்று எண்ணினார்கள். அவ்வளவு உயர்ந்த மின்சாரத்தை ஒரு குழாய்க்குள் கட்டி வைப்பது இலேசான காரியமா? இடி மின்னல் போலப் பொறி பறந்து கண்ணாடியும் கம்பியும் வெடித்துப் போகும்.

ஊஞ்சல் ஆட்டும் வித்தை

இதற்கு ஓர் இளைஞர் அழகான வழி ஒன்றைச் செய்து காட்டினார். அவர் பெயர் ரோல்ஃப் விடரோ. நோர்வே நாட்டவர். ஜேர்மனியில் படித்துக் கொண்டிருந்தார். அவர் முதலில் கொண்டு போன திட்டத்தை ஒரு பேராசிரியர் ஏற்கவில்லை. மனமுடைந்து விடாமல் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே அத்திட்டத்தைச் செய்து பார்த்தார். அது வேலை செய்யவில்லை. ஆனால் வெறுங்கையோடு எழுந்து போகவும் அவருக்கு மனமில்லை. சுவீடன் விஞ்ஞானி ஈசிங் என்பவர் 1924இல் எழுதிய ஒரு கருத்தைக் கையில் எடுத்தார்.

சகோதரிகளே, பிள்ளையை ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருப்பீர்கள். ஒரே தள்ளில் ஊஞ்சலைக் கூரை வரை உயர்த்த யாராலும் முடியாது. ஆனால் ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து ஒவ்வொரு முறையும் மெதுவாகத் தள்ளினால் அது உயர்ந்துகொண்டே போகும். பலம் அல்ல, நேரம்தான் இதில் முக்கியம்.

விடரோவும் அதைத்தான் செய்தார். சுமார் ஒரு மீற்றருக்கும் குறைந்த நீளமுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் உலோகக் குழாய்களை வரிசையாக வைத்தார். திசை மாறி மாறி வரும் 25,000 வோல்ற்று மின்சாரத்தைக் கொடுத்தார். துணிக்கை முதல் இடைவெளியைக் கடக்கும்போது ஒரு தள்ளு. அடுத்த இடைவெளிக்கு வரும்போது மின்சாரம் திசை மாறியிருக்கும். மறுபடியும் ஒரு தள்ளு. கொடுத்தது 25,000, துணிக்கை பெற்றது 50,000. இது நடந்தது 1927இல். மறு ஆண்டு ஒரு ஜேர்மன் மின்னியல் சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. பிறகு அவர் வேலை தேடிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விட்டார். தமது கட்டுரை எங்கே போய் என்ன செய்யப் போகிறது என்று அவருக்குத் தெரியாது.

பட்டு நாடாவும் தகரப் பேணியும்

அதே காலத்தில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வான் டி கிராஃப் என்ற இளைஞர் வேறொரு வழியைத் தேடினார். 1929இல் அவர் செய்த முதற் கருவியின் பாகங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு தகரப் பேணி, ஒரு சிறிய மோட்டர், மலிவுக் கடையில் வாங்கிய ஒரு பட்டு நாடா. அவ்வளவுதான்! நாங்கள் கிணற்றிலிருந்து வாளியால் நீர் இறைத்துத் தொட்டியை நிரப்புவது போல, ஓடும் பட்டு நாடா மின்னேற்றத்தைச் சிறிது சிறிதாக அள்ளிக் கொண்டுபோய் மேலேயுள்ள உலோகப் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த எளிய கருவி 80,000 வோல்ற்று தந்தது. இரண்டு ஆண்டுகளில் அதே முறையில் பத்து இலட்சம் வோல்ற்றையும் தாண்டினார்.

நூலகத்தில் ஒரு மாலை

இனிக் கலிபோர்னியாவுக்குப் போவோம். பேர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் ஏனஸ்ட் லோரன்ஸ் என்ற பேராசிரியர் இருந்தார். 1929ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் மாலை நூலகத்தில் சஞ்சிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது விடரோவின் கட்டுரை அவர் கண்ணில் பட்டது. அவருக்கு ஜேர்மன் மொழி சரளமாக வராது. படங்களை மட்டுமே பார்த்தார். படமே போதுமாக இருந்தது.

நேர்கோட்டில் போனால் இயந்திரம் மிக நீளமாகிவிடுமே, துணிக்கையைக் காந்தத்தால் வளைத்து வட்டமாகச் சுற்றவிட்டால் என்ன என்று அவர் யோசித்தார். ஒரே இடைவெளியை மீண்டும் மீண்டும் கடக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு தள்ளு வாங்கும். கணக்குப் போட்டபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. வேகம் கூடக் கூட வட்டமும் பெரிதாகிறது; ஆகவே ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் மாறுவதே இல்லை! ஊஞ்சல் எவ்வளவு உயர்ந்தாலும் ஒரே தாளத்தில் தள்ளிக்கொண்டிருக்கலாம்.

கருத்து பேராசிரியருடையது, கையால் செய்து முடித்தவர்கள் மாணவர்கள். முதலில் எட்லெஃப்சன் என்பவர் 1930இல் கண்ணாடியையும் அரக்கையும் கொண்டு ஒரு மாதிரியைச் செய்தார். தபாற் கந்தோரில் பார்சலுக்கு முத்திரை வைப்பார்களே, அந்த அரக்குத்தான். பின்னர் ஸ்டான்லி லிவிங்ஸ்டன் என்ற 25 வயது மாணவர் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக இதைப் பொறுப்பேற்றார். அவர் செய்த பித்தளைப் பெட்டியின் குறுக்களவு சுமார் 11 சென்ரிமீற்றர். தேநீர்க் கோப்பை வைக்கும் பீரிசை விடச் சிறியது. உள்ளங்கையில் வைத்துக் காட்டலாம். அதன் இணைப்புகளிலும் அரக்குப் பூச்சுத்தான்.

1931 ஜனவரி 2ஆம் திகதி அது வெற்றி தந்தது. 2,000 வோல்ற்றுக்கும் குறைந்த மின்சாரத்தைக் கொடுத்து 80,000 வோல்ற்றுக்குச் சமமான சக்தியைத் துணிக்கைகள் பெற்றன. நாற்பது மடங்குக்கு மேல்! அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், சாப்பாட்டுத் தட்டளவு பெரிதான அடுத்த கருவி பத்து இலட்சத்தைத் தாண்டியது. இதைத்தான் சைக்கிளோத்திரன் என்கிறார்கள்.

1939ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு லோரன்ஸுக்குக் கிடைத்தது, தனியாக. லிவிங்ஸ்டன் 1934இலேயே கோர்னல் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே தமது கையால் இன்னொரு சிறிய சைக்கிளோத்திரனைக் கட்டத் தொடங்கியிருந்தார். நூலகத்தில் கண்ட அந்தக் கட்டுரைக்குத் தாம் கடன்பட்டிருப்பதை லோரன்ஸ் தமது நோபல் உரையில் சொல்லத் தவறவில்லை. ஆனாலும் சிந்தித்துப் பாருங்கள். ஒரு பெயர் பொறிக்கப்படுவதற்குப் பின்னால் பொறிக்கப்படாத எத்தனை கைகள்! இது விஞ்ஞான உலகத்தின் கதை மட்டுமா? ஒவ்வொரு வீட்டிலும் சமையலறையில் நடப்பதும் இதுதானே.

கேம்பிரிட்ஜ் குடிசை

ரதர்போர்டின் ஆசையை முதலில் நிறைவேற்றியவர்கள் அவருடைய சொந்த ஆய்வுகூடத்தவர்களே. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கவண்டிஷ் ஆய்வுகூடத்தில் கொக்ரொஃப்ட், வோல்ற்றன் என்ற இருவர் இருந்தார்கள். கமோவ் என்ற ருஷ்ய இளைஞரின் புதிய கணிப்பு அவர்களுக்கு ஒரு நம்பிக்கையைத் தந்தது. கருவுக்குள் புகப் பல மில்லியன் வோல்ற்று அவசியமில்லை, சில இலட்சமே போதும் என்றது அந்தக் கணக்கு.

அவர்கள் கட்டிய கருவியிலும் கைக்குக் கிடைத்ததெல்லாம் சேர்ந்திருந்தது. பெற்றோல் நிலையப் பம்புகளில் பயன்பட்ட கண்ணாடி உருளைகளை எடுத்து நிறுத்தினார்கள். காற்று புகும் ஓட்டைகளைச் சிறுபிள்ளைகள் உருட்டி விளையாடும் பிளாஸ்டிசீன் களிமண் போன்ற ஒன்றால் அடைத்தார்கள்.

1932 ஏப்ரல் 14ஆம் திகதி. இலித்தியம் என்ற உலோகத்தின் மீது ஐதரசன் கருக்களை மோதவிட்டார்கள். கதிரிலிருந்து காத்துக்கொள்ள ஈயத் தகடு அடித்த ஒரு சிறிய குடிசை இயந்திரத்தின் கீழே இருந்தது. வோல்ற்றன் நிலத்தில் தவழ்ந்து அதற்குள் போய் அமர்ந்து, ஒளிரும் பூச்சுக் கொண்ட சிறு திரையை நுணுக்குக்காட்டியால் பார்த்தார். இருட்டில் நட்சத்திரங்கள் போல ஒளிப்புள்ளிகள் பளிச்சிட்டன! உடனே கொக்ரொஃப்டை அழைத்தார். பிறகு பெரிய உருவம் கொண்ட ரதர்போர்டும் உடலைக் குறுக்கிக்கொண்டு அந்தக் குடிசைக்குள் நுழைந்து பார்த்தார். இலித்தியத்தின் கரு இரண்டாகப் பிளந்து இரண்டு ஈலியம் கருக்களாகப் பறந்துகொண்டிருந்தது. மனிதன் செய்த இயந்திரத்தால் அணுக்கரு பிளந்தது அன்றுதான். அவ்விருவருக்கும் 1951இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் ஓடும்போது ஒளிப்புள்ளிகள் தோன்றின, நிறுத்தினால் நின்றுவிட்டன. அணைக்க முடியாத ரேடிய விளக்குக்குப் பதிலாக, சுவிச்சுக்குக் கட்டுப்படும் விளக்கு ஒன்று மனிதனின் கைக்கு வந்துவிட்டது.

ஒரு தாயும் பல மகள்மாரும்

இந்தக் கருவிகள் வளர்ந்த வேகத்தில் அவை மனித வாழ்க்கைக்குள்ளும் புகுந்தன. 1937ஆம் ஆண்டு லோரன்ஸின் தாயார் குண்டா நோயுற்றார். அடிவயிற்றில் புற்றுநோய், சத்திர சிகிச்சை செய்ய முடியாது, சில மாதங்களே மிச்சம் என்று வைத்தியர்கள் கூறினார்கள். லோரன்ஸின் மாணவரான ஸ்லோன் என்பவர் பத்து இலட்சம் வோல்ற்று எக்ஸ் கதிர்க் கருவி ஒன்றை உருவாக்கியிருந்தார். அது சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக வைத்தியசாலையில் இருந்தது. வைத்தியராக இருந்த இளைய மகன் ஜோன் தாயை அங்கே அழைத்துப் போனார். சிகிச்சை பலித்தது. அந்தத் தாய் 83 வயது வரை வாழ்ந்தார்.

ஆனால் எல்லாக் கதையும் இப்படி முடிந்துவிடவில்லை. சைக்கிளோத்திரன் தந்த நியூத்திரன் கதிர்களை 1938 முதல் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பலருக்குக் கடுமையான பாதிப்புகள் தெரியவந்தன. அந்தச் சிகிச்சையை நடத்திய வைத்தியர் ஸ்டோன் அவர்களே 1948இல் இது தொடரத் தக்கதல்ல என்று எழுதி வைத்தார். தம்முடைய பிழையைத் தாமே எழுதி வைப்பதும் ஒரு பெரிய அமானிதம்தான்.

அதைவிடப் பெரிய சோதனை யுத்தத்தோடு வந்தது. சைக்கிளோத்திரனின் காந்த முறையைப் பயன்படுத்தி யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்களை லோரன்ஸ் வடிவமைத்தார். டெனசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் பிரம்மாண்டமான தொழிற்சாலை எழுந்தது. செம்புக்குத் தட்டுப்பாடு. எனவே காந்தச் சுருள்களுக்காக அரசாங்கத் திறைசேரியிலிருந்து 13,000 தொன்னுக்கும் அதிகமான வெள்ளியைக் கடன் வாங்கினார்கள்!

அந்த இயந்திரங்களுக்கு முன்னால் இரவு பகலாக அமர்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான இளம் பெண்கள். பலர் பாடசாலைப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்கள். முள் இந்தக் கோட்டைத் தாண்டினால் இந்தக் குமிழைத் திருப்பு என்று மட்டுமே கற்றுக் கொடுத்திருந்தார்கள். என்ன செய்கிறோம் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் கூடாது. படித்த விஞ்ஞானிகளோடு ஒரு போட்டி வைத்தபோது, இந்தப் பெண்களே கூடுதலாகப் பிரித்துக் கொடுத்து வென்றார்கள். அவ்வளவு கவனம், அவ்வளவு பொறுமை.

1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. பல்லாயிரம் தாய்மாரும் குழந்தைகளும் மாண்டார்கள். தங்கள் கைகள் இத்தனை காலமும் எதைச் சேர்த்துக் கொடுத்தன என்பது அப்பெண்களுக்கு அந்தச் செய்தியோடுதான் தெரியவந்தது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். திறமையாகச் செய்வது மட்டும் போதாது. எதற்காகச் செய்கிறோம் என்று கேட்கும் உரிமையும் கடமையும் அவர்களுக்கு உண்டு.

நூறு டொலரில் பிறந்தது

இனி அந்த உம்மா படுத்திருந்த இயந்திரத்துக்கு வருவோம். விடரோவின் நேர்கோட்டு முறை பல ஆண்டுகள் பின்தங்கிக் கிடந்தது. இலேசான இலத்திரன்களை வேகமாகத் தள்ளுவதற்கு மிக வேகமாக மாறும் மின்னலைகள் தேவைப்பட்டன. அதை உண்டாக்கும் கருவி அன்று இருக்கவில்லை.

1937இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேரியன் என்ற சகோதரர்கள் இருவர் சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்தார்கள். பல்கலைக்கழகம் அவர்களுக்கு ஓர் இடமும் பொருள் வாங்க 100 டொலரும் கொடுத்தது. அந்த ஆண்டிலேயே கிளைஸ்ட்ரன் என்ற கருவியைச் செய்து முடித்தார்கள். 1940இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹம் பல்கலைக்கழகத்தில் ரண்டல், பூட் என்ற இருவர் மக்னத்திரன் என்ற கருவியின் புதிய வடிவத்தைச் செய்தார்கள். அங்கேயும் அரக்குத்தான் ஓட்டையை அடைத்தது! யுத்த காலத்தில் ரேடாருக்குப் பயன்பட்ட அந்த மக்னத்திரனின் வழிவந்ததுதான், இன்று சில வீடுகளில் சோறு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்குள்ளும் இருக்கிறது.

யுத்தம் முடிந்ததும் ஸ்டான்ஃபோர்டில் ஹன்சன் என்ற விஞ்ஞானி தமது மாணவர்களோடு சேர்ந்து 1947இல் இலத்திரன்களுக்கான நேர்கோட்டு ஆர்முடுக்கியை இயக்கிக் காட்டினார். அதைச் சிலர் கையால் தூக்கிப் பிடித்து நிற்கும் புகைப்படம் பிரசித்தமானது. 1949இல், நாற்பது வயதைக் காணுமுன்னரே, நுரையீரல் நோயால் ஹன்சன் இறந்துவிட்டார். தமது கருவி எத்தனை உயிர்களைக் காக்கும் என்று பார்க்க அவருக்குக் கிடைக்கவில்லை.

1953இல் இலண்டன் ஹமஸ்மித் வைத்தியசாலையில் இவ்வகைக் கருவியால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தார்கள். அது மக்னத்திரனால் இயங்கியது. 1956இல் ஸ்டான்ஃபோர்டில் கண்ணில் புற்றுநோய் வந்த சின்னஞ்சிறு பிள்ளை ஒன்றுக்கு இக்கருவியால் சிகிச்சை நடந்தது. ஒரு கண் ஏற்கனவே போயிருந்தது. மறு கண்ணின் பார்வை காப்பாற்றப்பட்டது.

உம்மாவுக்குச் சொன்ன விடை

இவ்வளவையும் படித்த பின் நான் அந்த மாணவரின் வீட்டுக்குப் போனேன். அந்த உம்மாவிடம் இப்படிச் சொன்னேன்.

“உம்மா, நீங்கள் படுத்திருந்த இயந்திரத்துக்குள் ஒரு செப்புக் குழாய் இருக்கிறது. அதில் இலத்திரன் என்ற மிகச் சிறிய துணிக்கைகளை ஊஞ்சல் தள்ளுவது போலத் தள்ளித் தள்ளி வேகமேற்றுகிறார்கள். அவை போய் ஓர் உலோகத் தகட்டில் மோதும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது. அந்தக் கதிர்தான் உங்கள் நோய் இருந்த இடத்தில் பட்டது. உங்களுக்குச் சில நிமிடம்தான். ஆனால் அங்கே வேலை செய்பவர்கள் நாள் முழுக்க, வருடக் கணக்காக நிற்க வேண்டியவர்கள். அதனால்தான் தடித்த சுவருக்கு வெளியே போகிறார்கள். கேம்பிரிட்ஜில் அந்த விஞ்ஞானி ஈயக் குடிசைக்குள் போய் அமர்ந்ததும் இதே காரணத்துக்குத்தான். உங்களைத் தனியே விட்டுவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள். வெளியிலிருந்து கமராவில் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.”

“அப்போ என்ட உடம்பில அது தங்கியிருக்காதா?”

“இரவில் விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் தங்கியிருக்குமா உம்மா? சுவிச்சை அணைத்ததும் அந்தக் கதிரும் முடிந்தது. உங்கள் உடம்பிலிருந்து யாருக்கும் எதுவும் பாயாது. வைத்தியரிடமும் கேட்டுப் பாருங்கள்.”

சகோதரிகளே, இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெளியே நிற்கும் இயந்திரத்திலிருந்து கதிர் பெறுபவர்களுக்கே இது பொருந்தும். தைரொயிட் நோய்க்காகக் கதிரியக்க அயடீன் குடிப்பவர்கள், உடலுக்குள் கதிர்ப் பொருள் வைக்கப்பட்டவர்கள் போன்றோருக்குச் சில நாட்கள் விலகியிருக்குமாறு வைத்தியர்கள் சொல்வதுண்டு. அவர்கள் அந்த அறிவுரையைப் பேண வேண்டும். எந்தச் சிகிச்சை என்று வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. அயலார் சொன்னதைக் கேட்டு ஒரு நோயாளியைத் தனி அறையில், தனித் தட்டில், தனிமையில் வைத்துவிடாதீர்கள். நோயின் வேதனையை விடப் பெரிய வேதனை அது.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். இந்த வரலாறு முழுவதிலும் நான் கண்டது பெரிய மாளிகைகளை அல்ல. பட்டு நாடா, தகரப் பேணி, அரக்கு, பெற்றோல் பம்புக் கண்ணாடி, நூறு டொலர். இருந்ததைக் கொண்டு தொடங்கியவர்களின் கதை இது. உங்கள் பிள்ளை பழைய ரேடியோவைக் கழற்றி முற்றத்தில் பரப்பி வைத்திருந்தால், மின்சாரம் தொடுக்கப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி விரட்டிவிடாதீர்கள்.

அன்று நான் எழும்பும் நேரத்தில் அந்தக் குழந்தை வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. உம்மா இரண்டு கைகளையும் நீட்டினார். குழந்தை சற்றுத் தயங்கியது. “வாங்க மகன்” என்றார். ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டது. அவர் அதன் தலையை முகர்ந்துகொண்டே இருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.